கறுப்பு வெள்ளைக்கு எந்தக் கண்ணாடி?

தொல்காப்பிய உரியியலில் ஓரிடம் மாணவர்களை எப்போதும் நிமிர்ந்து உட்கார வைக்கும். கறுப்பு, சிவப்பு என்னும் இரண்டு சொற்களும் வெகுளியைக் குறிக்கும் என்று முதலில் சொல்லிவிட்டு, அவை நிறத்தை உணர்த்துவதற்கும் உரியன என்று அடுத்ததாகத்தான் தொல்காப்பியர் சொல்கிறார். நிறம் முன்னே, சினம் பின்னே என்று எண்ணியிருக்கும் இளையவர்களுக்கு இந்த வரிசையே வியப்பு. எங்களுக்கு அதில் இன்னொரு வியப்பும் உண்டு. கறுப்பையும் சிவப்பையும் ஒன்றாகவே கொண்ட வேறொரு 'நூல்' பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருந்தது. அதுதான் புகைப்படத் தகடு! அன்றைய தகட்டின் கண்ணுக்குச் சிவப்பும் கறுப்பும் ஒன்றே.

'நாங்கள்' என்றது யாரை என்று சொல்லிவிட வேண்டும். திருவள்ளூர் மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பிக்கும் ஒருவரும், அங்கேயே இயற்பியல் கற்பிக்கும் அவருடைய நண்பரும். எங்கள் இருவருக்கும் பொதுச் சொத்தாக ஒரு பழைய பென்டாக்ஸ் கே 1000 கேமராவும், 50 மி.மீ. லென்ஸ் ஒன்றும், அதன் முகப்பில் திருகிப் பொருத்தும் ஃபில்டர்கள் ஐந்தும் உள்ளன. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, மஞ்சட்பச்சை, நீலம். ஞாயிற்றுக்கிழமைகளில் திருவள்ளூரின் செங்கல் சூளைகளுக்கும் பழவேற்காட்டுக் கரைக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் இந்தப் பையைத் தூக்கிக்கொண்டு அலைவது எங்கள் வழக்கம். வழியில் பார்ப்பவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கலர் கண்ணாடி எதுக்கு சார்?"

நியாயமான கேள்வி. விடை கொஞ்சம் நீளமானது.

உலகம் வண்ணத்தில் இருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படச்சுருள் அந்த வண்ணங்களையெல்லாம் வெளுப்பும் கருப்பும் இடைப்பட்ட சாம்பலுமாக மொழிபெயர்க்கிறது. செங்கல்லும் அதன் பின்னே இருக்கும் பச்சை வயலும் கண்ணுக்கு எவ்வளவு வேறுபட்டிருந்தாலும், இரண்டும் ஒரே அளவு ஒளியைத் திருப்பி அனுப்பினால் படத்தில் ஒரே சாம்பலாகிவிடும். இங்கேதான் ஃபில்டர் குறுக்கிடுகிறது. ஒரு நிறக் கண்ணாடி தன் நிறத்து ஒளியை உள்ளே விடும்; எதிர் நிறத்து ஒளியைத் தடுக்கும். சிவப்புக் கண்ணாடி வழியே எடுத்தால் செங்கல் வெளுத்து மணற்கல் போலத் தெரியும், நீல வானம் கருக்கும், வயல் ஒரு படி இருளும். பச்சைக் கண்ணாடி வழியே எடுத்தால் வயல் ஒளிர, செங்கல் கரியாகும். சூளை அதே சூளை. வெயில் அதே வெயில். மாறியது கண்ணாடி மட்டுமே.

இந்தக் கண்ணாடிகளுக்கு ஒரு வரலாறு உண்டு. தொடக்ககாலப் படத்தகடுகளும் தாள் நெகட்டிவ்களும் நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே நன்றாக உணர்ந்தன. லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயப் படை அலுவலர் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களை எடுத்த படங்கள் 1858இல் தொகுதிகளாக வெளிவந்தன. அவற்றைப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும்: கோபுரத்தின் சிற்பமெல்லாம் நுணுக்கமாக இருக்கும், மேலே வானம் வெறும் வெள்ளையாக இருக்கும். தஞ்சையில் அன்று மேகமே இல்லை என்று பொருளல்ல. நீல வானமும் வெண்மேகமும் அந்தத் தாளுக்கு ஒன்றாகவே பட்டன. அதற்கு முன் 1855இல் பர்மாவில் அவர் எடுத்த படங்களின் நெகட்டிவ்களில் மேகங்களைத் தூரிகையால் தீட்டிச் சேர்க்க வேண்டியிருந்தது.

1873இல் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல் என்ற ஜெர்மானிய வேதியியலர், படப்பூச்சில் சில சாயங்களைச் சேர்த்தால் அது பச்சையையும் உணரத் தொடங்குகிறது என்று கண்டார். பிறகு சிவப்பும் வசப்பட்டது. எல்லா நிறத்தையும் உணரும் இந்தப் படப்பூச்சுக்குப் 'பேன்க்ரோமேட்டிக்' என்று பெயர். இங்கிலாந்தின் குராய்டனில் ராட்டன் அண்டு வெயின்ரைட் நிறுவனம் 1906இல் இத்தகைய தகடுகளையும் அவற்றுக்கேற்ற ஃபில்டர்களையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1912இல் கோடாக் அந்த நிறுவனத்தை வாங்கியது. 8 என்றால் மஞ்சள், 21 என்றால் ஆரஞ்சு, 25 என்றால் சிவப்பு, 11 என்றால் மஞ்சட்பச்சை, 47 என்றால் நீலம் என்று இன்றும் வழங்கும் எண்கள் ராட்டன் பெயரால் அமைந்தவையே.

நம் ஊரிலும் படச்சுருள் செய்தார்கள். உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்டு 1967 முதல் உற்பத்தியில் இறங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலையின் 'இந்து' சுருள்கள் ஒரு தலைமுறை ஸ்டுடியோக்காரர்களின் கைகளில் புழங்கின. அந்த ஆலை இன்று இல்லை. இப்போது எங்கள் கேமராவுக்குள் போவது இங்கிலாந்திலிருந்து வரும் இல்ஃபோர்டு சுருள். விலையைச் சொன்னால் வீட்டில் கேள்வி எழும் என்பதால் இங்கும் சொல்லாமல் விடுகிறோம்!

எல்லா நிறத்தையும் உணரும் சுருள் வந்துவிட்டதே, இனி ஃபில்டர் எதற்கு என்று கேட்கலாம். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. பேன்க்ரோமேட்டிக் சுருளும் நம் கண்ணைப் போல உலகைப் பார்ப்பதில்லை. கண் மஞ்சட்பச்சையைத்தான் மிகப் பிரகாசமாக உணர்கிறது. சுருளோ நீலத்துக்குக் கண்ணைவிடக் கூடுதலாக இளகிவிடுகிறது. எனவே வெறும் லென்ஸில் எடுத்த வானம் கண்ணுக்குத் தெரிந்ததைவிட வெளுத்தே விழும். கண் கண்டதற்கு நெருக்கமான படம் வேண்டுமென்றால், இளமஞ்சள் கண்ணாடி ஒன்றை முன்னே வைத்து நீலத்தைக் கொஞ்சம் அடக்க வேண்டும். "எந்தக் கண்ணாடியும் இல்லாமல் எடுத்த படமே நேர்மையான படம்" என்ற எண்ணம் இங்கேயே ஆட்டம் காண்கிறது. உள்ளதை உள்ளபடி காட்டுவதற்கும் ஒரு கண்ணாடி தேவைப்படுகிறது.

ஒளியைத் தடுத்தால் அதற்கு விலையும் தர வேண்டும். மஞ்சளுக்கு இருமடங்கு ஒளி, ஆரஞ்சுக்கும் மஞ்சட்பச்சைக்கும் நான்கு மடங்கு, சிவப்புக்கு எட்டு மடங்கு என்பது நடைமுறைக் கணக்கு. நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. 400 சுருளுக்கு எஃப் 16 துளையும் நொடியில் 500இல் ஒரு பங்கும் போதும் என்றால், சிவப்பைப் பொருத்தியதும் அதே துளையில் 60இல் ஒரு பங்கு நேரம் தர வேண்டும். கே 1000 போல லென்ஸ் வழியாகவே ஒளியை அளக்கும் கேமராக்களில் மானியே இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஆனால் அடர் சிவப்புக்கு முன் மானி சற்றுத் தடுமாறுவதுண்டு. கண்ணாடி இல்லாமல் அளந்துவிட்டு மூன்று ஸ்டாப் கூட்டிக்கொள்வதே எங்கள் வழி.

இயற்பியல் நண்பர் வகுப்பில் ஃபில்டரைக் கையில் எடுத்தால் 1928க்குப் போகாமல் இருக்க மாட்டார். கல்கத்தாவில் சி. வி. இராமனும், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் சூரிய ஒளியை நீல ஊதாக் கண்ணாடி வழியே திரவத்துக்குள் செலுத்தினார்கள். சிதறி வந்த ஒளியைப் பச்சைக் கண்ணாடி வழியே பார்த்தார்கள். முதல் கண்ணாடி அனுமதித்த எதையும் இரண்டாவது கண்ணாடி விடாது. ஆகவே இருட்டுதான் தெரிய வேண்டும். ஆனால் மங்கிய ஒளி தெரிந்தது. திரவத்துக்குள் ஒளி நிறம் மாறியிருந்தது! இராமன் விளைவு என்று உலகம் அறிந்தது அதைத்தான். "ஃபில்டர் என்பது அழகுசாதனம் இல்லை, ஒளியைக் குறுக்கு விசாரணை செய்யும் கருவி" என்று நண்பர் சொல்லி முடிப்பார். குறுக்கு விசாரணை என்ற சொல்லை நாங்கள் பிடித்துக்கொண்டோம்.

பழவேற்காட்டில் அந்த விசாரணை எளிது. 1613இல் டச்சுக்காரர்கள் கெல்டிரியா கோட்டையை எழுப்பிய ஊர் அது. கோட்டை இடிபாடாகிவிட்டது, கல்லறைகள் நிற்கின்றன. கருங்கல்லில் வெட்டிய பெயர்களும் ஆண்டுகளும் மண்டையோடுகளும் அங்கே உண்டு. சாம்பல் நிறக் கல்லுக்கு எந்தக் கண்ணாடியும் ஒன்றுதானே என்று தோன்றும். கல்லுக்கு ஒன்றுதான், நிழலுக்கு அப்படியல்ல. வெட்டெழுத்தின் பள்ளத்துக்குள் நேர் வெயில் விழுவதில்லை. அங்கே எட்டிப்பார்ப்பது நீல வானத்தின் ஒளி. ஆரஞ்சுக் கண்ணாடி அந்த நீலத்தைத் தடுத்ததும் பள்ளங்கள் கருத்து, எழுத்து எழுந்து நிற்கிறது. காலை எட்டு மணிச் சாய்வெயிலில் இப்படி எடுத்த படத்தைக் கல்வெட்டு படிக்கும் நண்பர்களிடம் காட்டிப் பாருங்கள். கேமராவை இரவல் கேட்பார்கள்.

அன்சல் ஆடம்ஸ் கதையை அறிந்தவர்கள் பலர் இருக்கலாம். 1927 ஏப்ரல் 10 அன்று அமெரிக்காவின் யோசெமிட்டியில் 'ஹாஃப் டோம்' மலைமுகத்தை முதலில் மஞ்சள் ஃபில்டர் வைத்து எடுத்தார். அந்தப் படம் மலையைக் காட்டுமே தவிர, அவர் மனத்தில் எழுந்த மலையைக் காட்டாது என்று தோன்ற, கடைசித் தகட்டை அடர் சிவப்பு ஃபில்டருக்குப் பின்னே வைத்தார். வானம் ஏறத்தாழக் கறுப்பாகி, மலை எழுந்து நின்றது. கலைஞனின் மனக்கண்ணுக்குக் கிடைத்த வெற்றி என்று அதைச் சொல்வார்கள். எங்களுக்கும் மறுப்பில்லை. ஆனால் யோசெமிட்டி மலைக்கு வழக்கு எதுவும் நிலுவையில் இல்லை. கும்மிடிப்பூண்டிக்கு அப்படிச் சொல்ல முடியாது.

சிப்காட் வளாகத்தில் இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் ஆலைகள் பல. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த சனவரி காலைகளில் அங்கே வானம் கழுவி வைத்தது போல் நீலமாக இருக்கும். மே மாதத்தில் போனால் வானமே வெளுத்துக் கிடக்கும். வெள்ளை வானத்தைச் சிவப்புக் கண்ணாடியாலும் கருக்க முடியாது. எனவே சனவரியில் போனோம். சாலையோரம் முக்காலியை நிறுத்தி, ஒரே புகைபோக்கியை ஐந்து கண்ணாடிகளாலும் வெறும் லென்ஸாலுமாக ஆறு சட்டங்கள் எடுத்தோம். உருகும் இரும்பிலிருந்து எழும் புகையில் இரும்பு ஆக்சைடின் செம்பழுப்பு கலந்திருக்கும். அன்றும் அப்படித்தான் இருந்தது.

இருட்டறையில் அச்சுகள் எழுந்தபோது இருவரும் பேசவில்லை. சிவப்புக் கண்ணாடியில் அந்தப் புகை வெளுத்துத் திரண்டு, கரிய வானத்தின்மேல் வெண்மேகம் போல் மிதந்தது. இட்லிக் கொப்பரை ஆவி என்று சொன்னாலும் நம்பலாம்! ஆடம்ஸின் வானம், காலண்டரில் போடத்தக்க அழகு. நீலக் கண்ணாடியில் வானம் வெளிறி, அதே புகை கரிக்கோடாக ஊரை நோக்கிச் சாய்ந்திருந்தது. பார்த்த கணத்தில் இருமல் வரும். வெறும் லென்ஸில் எடுத்ததில் வெளுத்த வானத்தோடு புகை பாதி கரைந்து, இருக்கிறதா இல்லையா என்றிருந்தது. எந்தச் சட்டத்திலும் எதையும் தீட்டவில்லை, அழிக்கவில்லை. மூன்றும் ஒரே நிமிடத்தின் படங்கள்.

தொலைவில் இருந்த குடியிருப்பையும் பார்த்தோம். அதன்மேல் மெல்லிய புகைமூட்டம் படிந்திருந்தது. மிக நுண்ணிய துகள்கள் சிவப்பைவிட நீலத்தையே மிகுதியாகச் சிதறடிக்கும். அதனால் சிவப்புக் கண்ணாடி மூட்டத்தை ஊடுருவி வீடுகளைத் துலக்கமாகக் காட்டியது; நீலக் கண்ணாடியில் அதே வீடுகள் பாலில் முங்கியது போல் மங்கின. காற்று தூய்மையாக இருக்கிறது என்று காட்ட விரும்புபவருக்கும், மூச்சு முட்டுகிறது என்று காட்ட விரும்புபவருக்கும் ஒரே பைக்குள் கண்ணாடி இருக்கிறது. இதை உணர்ந்த பிறகு ஃபில்டரை எங்களால் விளையாட்டாகத் திருக முடியவில்லை.

மனித முகம் இன்னும் கடினம். எங்கள் மாணவி ஒருவருடைய தந்தை அப்பகுதியிலுள்ள கம்பி ஆலை ஒன்றில் வேலை பார்த்தவர். பழுக்கக் காய்ந்த கம்பி உருளைகளிலிருந்து தடம் மாறிப் பாய்ந்ததில் கன்னத்திலும் முன்கையிலும் சுட்டது. புண் ஆறிக் கரும்பழுப்புத் தழும்புகளாகிவிட்டது. இழப்பீடு இன்னும் பேச்சுவார்த்தையில் இருந்தது. அப்பாவைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துத் தர முடியுமா என்று அந்தப் பெண் கேட்டாள். ஒரு காலையில் அவர்கள் வீட்டுத் திண்ணையில் அவரை உட்காரவைத்து, மஞ்சள், மஞ்சட்பச்சை, சிவப்பு என மூன்று கண்ணாடிகளில் எடுத்தோம்.

நம் தோல் சிவப்பொளியைத்தான் மிகுதியாகத் திருப்பி அனுப்புகிறது. ஆகவே சிவப்புக் கண்ணாடியில் மாநிறத்தவர் வெளுப்பாகத் தெரிவார். பழுப்புத் தழும்பும் மச்சமும் மங்கிப்போகும். பச்சைச் சாயலுள்ள கண்ணாடியில் தோல் ஆழ்ந்து கருக்கும். தழும்பு ஒவ்வொன்றும் எண்ணும்படி இருக்கும். மஞ்சள் இரண்டுக்கும் நடுவே. மூன்று அச்சுகளையும் திண்ணையில் பரப்பினோம். அவர் வெகுநேரம் பார்த்தார். "மூணும் நான்தான். ஆனா மூணு பேரு மாதிரி இருக்குதே சார்" என்றார். அவருடைய மனைவி தயங்கவே இல்லை. சிவப்பில் எடுத்ததைத் தொட்டு, "இது ஊட்டுல மாட்டிக்கலாம்" என்றார். பச்சையில் எடுத்ததை எடுத்து மகளிடம் கொடுத்து, "கேசுக்கு இதைக் குடு. வக்கீல் பார்க்கட்டும்" என்றார்.

திரும்பும் வழியில் மின்ரயிலில் இதைப் பற்றித்தான் பேச்சு. தமிழ்ப் பாடம் நடத்துபவருக்குச் சங்க இலக்கியம் நினைவுக்கு வராமல் இருக்குமா? அங்கே தலைவியின் அழகுக்கு நிறம் மாமை. மாந்தளிரோடு ஒப்பிடப்படும் நிறம். இன்று நாம் சொல்லும் மாநிறத்தின் பழைய உறவு. பிரிவுத் துயரில் அந்த மாமை கெட்டு, பசலை பாய்ந்து, மேனி வெளிறும். நிறம் வெளிறுவதை நோயாகக் கண்ட இலக்கியம் நம்முடையது. அப்படிப்பட்ட மொழிக்காரர்கள் முகம் வெளுத்துத் தெரியும் படத்தைச் சுவரில் மாட்ட விரும்புவது எப்போது தொடங்கியது? அந்த அம்மாவைக் குறை சொல்ல இதைக் கேட்கவில்லை. தழும்பு விழாத தன் கணவரைப் பார்த்திருந்தவர் அவர். அந்த முகம்தான் சுவரில் வேண்டும் என்று நினைத்தார். பிழைப்புக்கு உரிய முகம் எது, வீட்டுக்கு உரிய முகம் எது என்று அவர் பிரித்த தெளிவு எங்கள் இருவரின் படிப்புக்கும் மேலே நின்றது. அவர் இரண்டு படத்தையும் உண்மை என்றே கொண்டார். எது எதற்கு என்பதை மட்டும் அறிந்திருந்தார்.

எடுப்பவனுக்கும் அந்த அறிவு கடமை என்று நாங்கள் எண்ணுகிறோம். கறுப்பு வெள்ளை என்றாலே மெய்ம்மை, ஆவணம், சாட்சி என்றொரு மயக்கம் இருக்கிறது. வண்ணம்தான் ஏமாற்றும், சாம்பல் ஏமாற்றாது என்று நம்புகிறோம். உண்மையில் கறுப்பு வெள்ளைப் படத்தில்தான் எடுத்தவனின் முடிவு ஆழமாக ஒளிந்திருக்கிறது. வண்ணப் படத்தின்முன் சிவப்புக் கண்ணாடி வைத்தால் எல்லாம் சிவந்து, வைத்தவன் உடனே அகப்பட்டுக்கொள்வான். கறுப்பு வெள்ளையில் கண்ணாடி தன் வேலையை முடித்துவிட்டுத் தடயமின்றிப் போய்விடுகிறது. இன்றைய டிஜிட்டல் படங்களைக் கணினியில் கறுப்பு வெள்ளையாக்கும்போதும் இதே கதைதான். சிவப்பைக் கூட்டு, நீலத்தைக் குறை என்று நகர்த்தும் ஒவ்வொரு பட்டையும் ஒரு ராட்டன் கண்ணாடிதான்.

புதிதாகத் தொடங்கும் நண்பர்கள் ஒரே ஒரு ஃபில்டர் வாங்குவதானால் மஞ்சளை வாங்குங்கள்; கண்ணுக்கு நெருக்கமானது அது. இரண்டாவதாக ஆரஞ்சு, கல்வெட்டுக்கும் மழைக்காலத்து மேகத்துக்கும் நல்லது. சிவப்பை மூன்றாவதாக வாங்கலாம். அதன் அழகு உடனே மயக்கும் என்பதால் கொஞ்சம் தாமதமாக வருவது நல்லது. நீலத்தை யாரும் பரிந்துரைப்பதில்லை. புகை சூழ்ந்த ஊரில் வாழ்பவர்களுக்கு நாங்கள் பரிந்துரைக்கிறோம்.

அதோடு ஒரு பென்சிலும் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் அச்சுகளின் பின்புறம் இப்போது இடம், நாள், நேரம், கேமரா நோக்கிய திசை, கண்ணாடியின் எண் ஆகிய ஐந்தையும் எழுதிவிடுகிறோம். துறை அறையின் சுவரில் சிப்காட் புகைபோக்கியின் மூன்று சட்டங்களும் அருகருகே தொங்குகின்றன. ஒன்றைத் தனியாகக் கழற்றித் தருவதில்லை என்று இருவரும் முடிவு செய்திருக்கிறோம். ஆண்டு மலருக்கு அழகான படம் என்று சிவப்பு 25ஐ மட்டும் கேட்டு ஒருமுறை வந்தார்கள். மூன்றையும் எண்களோடு போடுவதானால் எடுத்துக்கொள்ளலாம் என்றோம். மலரில் இடம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மூன்றும் சுவரிலேயே இருக்கின்றன.